ஓய்வுக்குப் பிறகு மனம் தெளிய: எங்கே தொடங்குவது, எப்படிப் போவது

ஓய்வு பெற்றதற்கு மறுநாளும் விடியற்காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. எழுந்து முகம் மழித்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி ஆறு. அதற்கு மேல் என்னை எங்கேயும் யாரும் எதிர்பார்க்கவில்லை. 36 வருடமாக வேலையின் சத்தத்தில் காதில் விழாமல் இருந்த கேள்விகள் அந்த நாற்காலியில்தான் ஒவ்வொன்றாக வந்தன. நான் எடுத்த முடிவுகள் சரிதானா? யாரையெல்லாம் நோகடித்தேன்? இனி இருக்கிற காலத்தை என்ன செய்வது?

இது நடந்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் காலையில் யாராவது வந்து, இதை இதை இந்த வரிசையில் செய் என்று சொல்லியிருந்தால் எனக்கு இரண்டு மூன்று வருடமாவது மிச்சமாகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். அறுபதைத் தாண்டி இந்தப் பருவத்துக்குள் புதிதாக வந்திருப்பவர்கள் இதை வரிசையாகப் பின்பற்றிப் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதானால் ஞானம் தானாக வந்து சேரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். மூப்பு தானாக வரும். முதிர்ச்சி அப்படி வருவதில்லை. பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் மனித வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தில் பால் பால்ட்டஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1980களிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். வாழ்க்கையில் வரக்கூடிய ஒரு சிக்கலைச் சொல்லி, அதைப் பற்றி வாய்விட்டு யோசிக்கச் சொல்வார்கள். பேசியதைப் பதிவுசெய்து மதிப்பிடுவார்கள். இருபதுகளின் நடுவிலிருந்து எழுபத்தைந்து வயதுவரை, வயது கூடியதால் மட்டும் யாருடைய மதிப்பெண்ணும் கூடவில்லை. குறையவும் இல்லை.

இதை நான் நல்ல செய்தியாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். நாம் தாமதமாகிவிடவில்லை, இனிமேலும் உழைத்துப் பெறலாம் என்றுதானே அர்த்தம்? ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அறிவை இரண்டாகப் பிரித்தார். பாயும் அறிவு ஒன்று: புதுப் புதிரைச் சட்டென்று பிடிப்பது, பல விஷயங்களை ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்வது. இது இளமைக்குப் பிறகு மெல்ல மெல்லக் குறையும். மற்றது படிந்த அறிவு: சொல்வளம், அனுபவம், மனிதர்களைப் படிக்கிற திறன். இது அறுபதுகளிலும், பலருக்கு அதற்குப் பிறகும், நன்றாகவே நிற்கும். தெரிந்தவர் ஒருவரின் பெயர் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வர மறுத்து, அரை மணி நேரம் கழித்து வந்தால் அதற்காகப் பயப்படாதீர்கள். மனத்துக்கு இப்போது கொஞ்சம் கூடுதல் நேரம் தேவை, அவ்வளவுதான்.

முதல் படி: உடம்பின் மூட்டத்தை விலக்குங்கள்

தியானம், தத்துவம் என்று நேராக மேலே ஏறத்தான் எல்லோரும் ஆசைப்படுகிறோம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் மனம் மங்கியிருப்பதற்குப் பல சமயம் உடம்பில் ஒரு காரணம் இருக்கும். அதைப் பார்க்காமல் மேலே போனால், இல்லாத குறைக்கு மருந்து தேடுகிற கதையாகிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாள் கொண்டுபோங்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அதில் எழுதுங்கள். சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்குவதையும் சேர்த்து எழுதுங்கள், அதுதான் முக்கியம். குளோர்பெனிரமின், டைபென்ஹைட்ரமின் போன்ற பழைய வகை அலர்ஜி மருந்துகள் சளிக்கும் அரிப்புக்கும் தூக்கத்துக்கும் சாதாரணமாக விற்கப்படுகின்றன. வயதானவர்களுக்கு இவை மந்தத்தையும் குழப்பத்தையும் கொடுக்கக்கூடும். முதியவர்களுக்கு ஆபத்து கூடுதலான மருந்துகளை மார்க் பியர்ஸ் என்ற மருத்துவர் 1991இல் பட்டியலிட்டார். இன்றும் அதைத் திருத்தித் திருத்தி வெளியிட்டு வருகிறார்கள். தூக்க மாத்திரைகள் பலவும் அதில் உண்டு. அதற்காக எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். "இதெல்லாம் எனக்கு இன்னும் தேவைதானா?" என்று தாளை நீட்டிக் கேளுங்கள்.

வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு இரண்டுமே மறதியையும் சோர்வையும் தரும். இரண்டையும் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், சரிசெய்யவும் முடியும். மனச்சோர்வு நோயும் மறதி வேஷத்தில் வரும். பிடித்தவை எல்லாம் வாரக்கணக்கில் பிடிக்காமல் போனால் அதையும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: நேற்றுவரை தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் திடீரென்று குழம்பிப் பேசினால், அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மருந்து என்று ஏதாவது காரணம் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஓய்வு பெற்று இரண்டாம் வருடம் எனக்கு எல்லோர் மேலும் மனத்தாங்கல். மனைவி வேண்டுமென்றே முணுமுணுக்கிறாள், பேரப்பிள்ளைகள் நான் இருக்கும்போது குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று தோன்றும். நாலு பேர் கூடிப் பேசிச் சிரித்தால் என்னைப் பற்றித்தான் என்று நினைத்து எழுந்து உள்ளே போய்விடுவேன். ஒருநாள் சாயங்காலம் மனைவி என் எதிரே வந்து நின்றாள். "என்னங்க, நான் கத்தவும் இல்ல, முணுமுணுக்கவும் இல்ல. எப்பவும் போலத்தான் பேசுறேன். ஒரு தடவை காதைக் காட்டிட்டு வந்துடுங்க."

பரிசோதனை செய்தவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடப்பக்கம் கோடு மேலேயே இருந்தது, வலப்பக்கம் போகப்போகச் சரிந்துவிட்டது. கீழ் ஒலிகள் சரியாகக் கேட்கின்றன, மேல் ஒலிகள் போய்விட்டன என்றார். வயதால் வரும் செவிக்குறைவு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் காதில் விழும், ச, த போன்ற மெய்யொலிகள் நழுவும். குரல் கேட்கும், சொல் பிடிபடாது. அதைத்தான் நான் முணுமுணுப்பு என்று நினைத்திருந்தேன்.

காதுக்கருவி பழகச் சில வாரங்கள் ஆயின. முதல் நாட்களில் காகிதம் புரட்டும் சத்தம்கூடக் காதை அறைந்தது. ஆனால் சத்தத்தைவிட என்னைத் தாக்கியது வேறு. இரண்டு வருடமாக என் காது செய்த வேலைக்காக என் வீட்டு மனிதர்களின் குணத்தைத் தப்பாக எடை போட்டிருக்கிறேன்! செவிக்குறைவையும் பார்வைக் குறைவையும் அறிவுத்தேய்வு நோய்க்கான (டிமென்ஷியா), நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் சேர்த்திருக்கிறது லான்செட் என்ற மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை. அந்த ஒரு காரணத்துக்காகவாவது காதையும் கண்ணையும் இந்த மாதமே காட்டிவிடுங்கள்.

இரண்டாம் படி: தினம் ஒரு மணி நேரத்தைக் காலியாக விடுங்கள்

இது சின்னப் படிதான். செல்போன், தொலைக்காட்சி, செய்தித்தாள் எதுவும் இல்லாத ஒரு மணி நேரம். நடக்கலாம், உட்காரலாம். எதையும் சாதிக்க வேண்டாம். முதல் பத்து நாள் இருப்புக்கொள்ளாது, எழுந்து ஏதாவது செய்யலாமா என்று கை பரபரக்கும். அதைத் தாண்டினால் அடியில் கிடந்த விஷயங்கள் மேலே வர ஆரம்பிக்கும். அடுத்த படிக்கு வேண்டிய சரக்கு அதுதான்.

மூன்றாம் படி: வாழ்க்கையைத் திரும்பிப் பாருங்கள், பேனாவோடு

வயதானவர்கள் பழங்கதை பேசினால், மூளை தளர்ந்துவிட்டது, நிகழ்காலத்தில் இருக்க முடியவில்லை என்று மருத்துவர்களே நினைத்த காலம் உண்டு. 1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் அதை மறுத்து எழுதினார். முடிவு நெருங்குகிறது என்று உணரும் மனம் தன் வாழ்க்கையை எடுத்து மறுபடி பார்ப்பது இயல்பு. தீராமல் விட்டவற்றைத் தீர்த்துக்கொள்ள அது உதவும் என்றார். வாழ்க்கை மீள்பார்வை என்று அதற்குப் பெயர். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வேன் என்று நீங்கள் சொன்னால், இதைச் செய்யுங்கள் என்பேன்.

கோடு போட்ட தடிமனான நோட்டு ஒன்று வாங்குங்கள். இடப்பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பிறந்த வருடத்திலிருந்து வரிசையாக எழுத ஆரம்பித்தால் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிடும். எனக்கு அப்படித்தான் நின்றது. நீங்கள் குடியிருந்த வீடுகளைப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் எந்த மூலையில் படுத்தீர்கள், பக்கத்தில் யார், ஜன்னல் எந்தப் பக்கம், அந்த வீட்டில் இருந்தபோது எதற்குப் பயந்தீர்கள் என்று எழுதுங்கள். இடத்தைப் பிடித்தால் ஆட்கள் தானாக வருவார்கள்.

பத்து வயதிலிருந்து முப்பது வரைக்குமான நினைவுகள்தான் கொட்டும், கவனித்துப் பாருங்கள். இது எல்லோருக்கும் பொதுவானது, நினைவை ஆராய்பவர்கள் நன்கு அறிந்த விஷயம். அதனால் நாற்பதுகளும் ஐம்பதுகளும் வெறுமையாகத் தெரியும். அந்த வருடங்களில் நீங்கள் வாழவே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பழைய புகைப்படங்கள், வங்கிக் கணக்குப் புத்தகம், பிள்ளைகளின் மதிப்பெண் அட்டை, மருத்துவச் சீட்டு என்று எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். என் ஐம்பதுகள் ஒரு பழைய டைரியின் தொலைபேசி எண்களிலிருந்துதான் திரும்பி வந்தன.

ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். மேலே ஓடினாலும் நிறுத்திவிடுங்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களைத் தங்கள் மனத்தைக் கனக்கச் செய்யும் அனுபவங்களைப் பற்றித் தினம் 15 நிமிடம், நான்கு நாள் தொடர்ந்து எழுதவைத்தார். எழுதி முடித்த கையோடு அவர்களுக்கு மனம் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்துக்குப் போவது மற்றவர்களைவிடக் குறைந்தது. ஆக, நோட்டை மூடும்போது நெஞ்சு பாரமாக இருந்தால் ஏதோ தப்பாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்.

சரி, வலப்பக்கம். ஒரு சம்பவத்தை எழுதி ஒரு மாதமாவது ஆன பிறகு அதைத் திரும்பப் படித்து, எதிரே இருக்கும் காலிப் பக்கத்தில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். அன்றைக்கு எனக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியவில்லை? எதிரே நின்றவருக்கு அப்போது என்ன கஷ்டம் இருந்திருக்கும்? நடந்ததில் என் பங்கு என்ன?

எனக்கும் என் அண்ணனுக்கும் பத்தொன்பது வருடம் சரியான பேச்சு இல்லை. அப்பா போன பிறகு வீட்டை என்னிடம் கேட்காமல் விற்க ஏற்பாடு செய்துவிட்டார் என்பது என் கோபம். பங்கு வந்து சேர்ந்தது, ஆனால் கேட்கவில்லையே! இடப்பக்கம் மூன்று பக்கத்துக்கு அந்தக் கோபம்தான் இருந்தது, பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு. இரண்டு மாதம் கழித்து வலப்பக்கத்தில் இரண்டாவது கேள்விக்கு வந்தேன். அந்த வருடம் அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் கல்லூரியில். அப்பா படுக்கையில் கிடந்த நான்கு வருடமும் மருத்துவச் செலவு, ராத்திரி விழிப்பு எல்லாம் அவருடையது. நான் வருடத்துக்கு இரண்டு முறை போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வருவேன். கடன் எவ்வளவு ஆயிற்று என்று அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. "நானும் கேட்டதில்லை" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன். அதற்கு மேல் அன்றைக்கு எழுத முடியவில்லை.

ஓர் எச்சரிக்கை. திரும்பிப் பார்ப்பதும் புலம்புவதும் பக்கத்துப் பக்கத்து வாசல்கள். ஒரே வாக்கியத்தை மூன்றாவது முறையாக எழுதுகிறீர்கள், புதிதாக ஒரு விவரமும் வரவில்லை என்றால் நீங்கள் புலம்பல் வாசலில் நிற்கிறீர்கள். அந்தச் சம்பவத்தை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போங்கள். அப்புறம், கொடுமைக்கு ஆளானவர்களும், பறிகொடுத்த துக்கம் இன்னும் ஆறாதவர்களும் இதைத் தனியாகச் செய்ய வேண்டாம். மனநல ஆலோசகர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போகலாம்.

நான்காம் படி: தீர்க்கக்கூடிய கணக்கைத் தீர்த்துவிடுங்கள்

நோட்டிலிருந்து ஒரு சிறு பட்டியல் கிடைக்கும். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள், நன்றி சொல்ல வேண்டியவர்கள். நன்றியில் ஆரம்பியுங்கள், அது எளிது. நாற்பது வருடத்துக்கு முன் வேலை கற்றுக்கொடுத்தவர் இன்னும் இருக்கிறாரா என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள்.

மன்னிப்புக் கேட்கும்போது "ஆனால்" என்ற சொல் வரவே கூடாது. "அன்னைக்கு நான் பேசினது தப்புதான், ஆனா நீயும்..." என்று தொடங்கினால் பழைய சண்டைதான் மறுபடி நடக்கும். செய்தது என்ன என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். பதிலுக்கு அவரும் கேட்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அண்ணனுக்குப் போன் செய்வதற்கு முன் இரண்டு வரிகளைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். "அண்ணா, அப்பாவை நாலு வருஷம் நீங்கதான் பார்த்துக்கிட்டீங்க. எப்படிச் சமாளிக்கிறீங்கன்னு ஒரு தடவைகூட நான் கேட்கல. அது என் தப்பு." அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம், "உன் முட்டிவலி இப்ப எப்படிடா இருக்கு?" என்று கேட்டார். வீட்டைப் பற்றி இன்றுவரை நாங்கள் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் வரவில்லை.

ஆள் இல்லாமல் போயிருந்தால் அவருக்குக் கடிதமாக எழுதி நோட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்களை வதைத்தவரை மன்னித்தே ஆக வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. நடந்தது நடந்தது என்று உள்ளபடி எழுதி வைப்பதே அந்த இடத்தில் போதுமானது. எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தபோது, கடைசிக் கட்டத்தின் போராட்டம் நிறைவுக்கும் விரக்திக்கும் நடுவில் என்றார். அவர் சொன்ன நிறைவில் தவறுகளுக்கும் இடம் உண்டு. இதுதான் என் வாழ்க்கை, இதற்குப் பதிலாக இன்னொன்று கிடைக்காது என்று அதை முழுதாக ஏற்றுக்கொள்வதைத்தான் அவர் சொன்னார்.

ஐந்தாம் படி: உங்கள் சிக்கலை அடுத்தவர் சிக்கலாக எழுதிப் பாருங்கள்

ஊருக்கெல்லாம் நல்ல யோசனை சொல்கிறவர் தன் வீட்டு விஷயத்தில் தடுமாறுவதை எல்லோரும் பார்த்திருப்போம். ஈகர் கிராஸ்மன், ஈத்தன் கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் 2014இல் இதைச் சோதித்து, சாலமோன் முரண் என்று பெயர் வைத்தார்கள். ஊரார் தேடிவந்து ஆலோசனை கேட்ட அரசர் சாலமோன் தன் சொந்த வாழ்க்கையில் சறுக்கியதை நினைத்து வைத்த பெயர். நண்பருக்கு நடந்ததாகச் சொன்னால் மனிதர்கள் நிதானமாக யோசிக்கிறார்கள். தனக்கே நடந்ததாகச் சொன்னால் அந்த நிதானம் குறைகிறது. அறுபது முதல் எண்பது வயது வரை உள்ளவர்களிடமும், இளையவர்களிடம் கண்ட அதே இடைவெளிதான். ஆனால் தன் சிக்கலைக் கொஞ்சம் விலகி நின்று, வெளியாள் போலப் பார்க்கச் சொன்னபோது அந்த இடைவெளி மறைந்துவிட்டது.

செய்முறை எளிது. "நான்" என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு, "அவர்" என்று எழுதுங்கள். என் நண்பர் ஒருவர் தன் மகன் தொழிலுக்காக வாங்கும் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். முப்பது வருட நட்பு, எப்படி மறுப்பது? அன்று இரவு எழுதினேன்: "அவருக்கு 66 வயது. ஓய்வூதியம் மட்டும்தான். கடன் திரும்பாவிட்டால் அவர் மறுபடி சம்பாதித்துக் கட்ட வருடங்கள் இல்லை. மனைவிக்குச் சர்க்கரை நோய். மறுத்தால் நண்பர் சில மாதம் வருத்தப்படுவார்." ஐந்து வரி எழுதியதும் விடை தெரிந்துவிட்டது. மறுநாள் நேரில் போய்க் காரணத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவர் சில மாதம் பேசவில்லை, அப்புறம் பேசினார்.

பண விஷயத்தில் இதோடு ஒரு விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கேட்ட அன்றே எதிலும் கையெழுத்து இல்லை. "இன்னிக்கே முடிச்சாகணும்" என்று போனில் அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும் வைத்துவிடுங்கள். பாயும் அறிவு மெதுவாகிவிட்டது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அவசரம் குறிவைப்பது சரியாக அந்த இடத்தைத்தான்.

ஆறாம் படி: அறிவுரையை அடக்கிக் கேட்கப் பழகுங்கள்

பெர்லின் குழுவினர் கேட்ட கேள்விகளில் ஒன்று இது: பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி உடனே திருமணம் செய்துகொள்ள விரும்புகிறாள். என்ன யோசிக்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்? "கூடவே கூடாது, இந்த வயதில் என்ன கல்யாணம்" என்று முடித்துவிடுபவர்களுக்கு மதிப்பெண் குறைவு. "பொதுவாகப் பார்த்தால் கூடாதுதான். ஆனால் அவளுக்குத் தீராத நோய் ஏதும் இருக்கிறதா? பெற்றோர் இல்லாமல் தனியாக நிற்கிறாளா? எந்தச் சமூகத்தில், எந்தக் காலத்தில் வாழ்கிறாள்?" என்று விசாரிக்கிறவர்களுக்கு அதிகம். விஷயம் தெரிந்திருப்பது, வழிமுறை தெரிந்திருப்பது, ஆளின் வயதையும் சூழலையும் பார்ப்பது, அடுத்தவருக்கு முக்கியமானது வேறாக இருக்கலாம் என்று ஒப்புக்கொள்வது, முழுதாகத் தெரியாத நிலையிலும் நிதானமாக நடந்துகொள்வது என்று ஐந்து அளவுகோல்கள் வைத்திருந்தார்கள்.

நம்மில் பலர் முதல் இரண்டில் கெட்டி. மற்ற மூன்றில்தான் வேலை இருக்கிறது. என் மகள் வேலையை விடலாமா என்று குழம்பி ஒருநாள் போன் செய்தாள். முன்பெல்லாம் "நான் சொல்றேன் கேளு" என்றுதான் வாய் திறக்கும். அன்றைக்கு, "நான் கேட்டுக்கிட்டிருந்தா போதுமாம்மா, இல்ல ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன். "கேட்டா போதும்ப்பா" என்றாள். நாற்பது நிமிடம் பேசினாள். இடையில் நான் கேட்டவை மூன்று கேள்விகள், அவ்வளவுதான். என்ன செய்யப் போகிறாள் என்பதைக் கடைசியில் அவளே சொன்னாள். நான் சொல்ல நினைத்திருந்தது அது இல்லை. கேட்ட பிறகு, அவளுடையதுதான் சரி என்று எனக்கே தெரிந்தது.

பயிற்சியாக இதைச் செய்து பாருங்கள். இந்த வாரம் முழுக்க, கேட்காமல் அறிவுரை சொல்வதில்லை. "எனக்குத் தெரியலையே, நீ என்ன நினைக்கிற?" என்பதை மூன்று பேரிடமாவது மனப்பூர்வமாகச் சொல்லுங்கள். அதில் ஒருவராவது உங்களைவிட முப்பது வயது இளையவராக இருக்கட்டும்.

ஏழாம் படி: குறைத்து, ஆழப்படுத்துங்கள்

பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன் 1976இல், 89 வயதில்தான் மேடையை விட்டு இறங்கினார். முதுமையில் எப்படிச் சமாளித்தார் என்பதை பால்ட்டஸ் அடிக்கடி எடுத்துக்காட்டுவார். வாசிக்கும் பாடல்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டார். குறைத்தவற்றை முன்பைவிட அதிகம் பயிற்சி செய்தார். வேகமான பகுதி வருவதற்கு முன்னால் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தார். அடுத்து வரும் வேகம் அதனால் கூடுதலாகத் தெரிந்தது. தேர்ந்தெடுப்பது, மெருகேற்றுவது, இழந்ததை ஈடுகட்டுவது என்று பால்ட்டஸ் இதை மூன்றாகச் சொல்வார்.

நீங்கள் செய்துவருவதையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மூன்றை மட்டும் வட்டமிடுங்கள். மற்றவற்றை ஒரேயடியாக விட வேண்டாம், நேரத்தை மட்டும் அந்த மூன்றுக்கு மாற்றுங்கள். மனிதர்கள் விஷயத்திலும் இப்படித்தான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் சொல்வது: மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் மேலோட்டமான பழக்கங்களை உதிர்த்து, நெருக்கமானவர்களிடம் திரும்புகிறார்கள். ஆகவே கூட்டம் குறைவதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆனால் நெருக்கமானவர்கள் வட்டம் காலியாக விடக் கூடாது. ஒரே ஆட்களின் வாழ்க்கையை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கும், 1938இல் தொடங்கி இன்றும் நடக்கும் ஹார்வர்டு வளர்ச்சி ஆய்வில், எண்பது வயதில் யார் நலமாக இருப்பார்கள் என்பதை, ஐம்பது வயதில் ரத்தத்தில் இருந்த கொழுப்பின் அளவைவிட, உறவுகளில் கண்ட நிறைவுதான் நன்றாகக் காட்டியது.

எட்டாம் படி: காகிதங்கள்

பலர் தள்ளிப்போடுவது இதைத்தான். உயில், வங்கிக் கணக்குகளின் வாரிசு நியமனம், நினைவு தப்பினால் நம் சார்பில் முடிவெடுக்கப் போகிறவர் யார், எந்த அளவுக்கு மேல் செயற்கைச் சிகிச்சை வேண்டாம் என்று நினைக்கிறோம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும், ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுச் சரியாக எழுதுங்கள். எழுதியதைவிடப் பேசுவது முக்கியம். பிள்ளைகளை உட்காரவைத்து, பதற்றமில்லாமல் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. முதல் பத்து நிமிடம் மகன் தலை நிமிரவில்லை. பிறகு அவனே கேள்வி கேட்க ஆரம்பித்தான். கடைசியில், "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்ப்பா" என்றான். அவன் பயந்துகொண்டிருந்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அந்தக் கோப்பு இப்போது அலமாரியின் இரண்டாம் தட்டில் இருக்கிறது. பக்கத்தில் நோட்டு இருக்கிறது. வலப்பக்கங்களில் இன்னும் பாதி காலி.